முடக்க உத்தரவு கையைப் பிடிக்கும், சார்ஜ் சொத்தைப் பிடிக்கும்: கட்டுமானப் பாக்கியில் எது எப்போது உதவும்?

செங்கல், கம்பி, சிமெண்ட் என்று எதைக் கொண்டுவந்து இறக்கினாலும், அது சுவரிலோ தளத்திலோ சேர்ந்ததுமே ஒப்பந்ததாரருக்கு அதன் மேல் இருந்த உரிமை போய்விடுகிறது. நிலத்தோடு சேர்ந்தது நிலத்துக்காரருக்கே சொந்தம் என்பது இங்கிலாந்துப் பொதுச்சட்ட மரபில் வந்த பழைய விதி. பில் பணம் வரவில்லை என்பதற்காக நாலாவது மாடியைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது. கையில் மிஞ்சுவது ஒரு கடன் மட்டும்தான்; இன்ன கம்பெனி எனக்கு இவ்வளவு தர வேண்டும் என்ற உரிமை. அந்தக் கம்பெனியும் பல நேரங்களில் அந்த ஒரு திட்டத்துக்காகவே தொடங்கப்பட்டதாக இருக்கும். நிலமும் அதில் எழும் கட்டிடமும்தான் அதன் மொத்தச் சொத்து. வீடுகளை விற்று, வங்கிக் கடனை அடைத்து, மிச்சப் பணம் பங்குதாரர்களுக்குப் போய்விட்டால் வழக்கில் ஜெயித்தும் வசூலிக்க எதுவும் இருக்காது.

வழக்கு முடிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம், அதற்குள் சொத்து கரைந்துவிடுமே என்ற பயம் நியாயமானது. அந்தப் பயம் வழக்கறிஞரிடம் இரண்டு கேள்விகளாக வந்து சேரும். "அவங்க பேங்க் கணக்கை முடக்க முடியுமா?" என்பது ஒன்று. "அந்த நிலத்து மேல ஏதாவது போட்டு வைக்க முடியுமா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விடை நீதிமன்றம் தரும் முடக்க உத்தரவு. இரண்டாவதற்கு விடை, ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருந்தால், ஈக்விட்டபிள் சார்ஜ். அதாவது இந்தக் கடனுக்கு இந்தச் சொத்து பொறுப்பு என்று சமநீதி மரபு (பொதுச்சட்டத்துக்குத் துணையாக இங்கிலாந்தில் வளர்ந்த நியாய விதிகள்) ஏற்றுக்கொள்ளும் உரிமை. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்கின்றன என்று நினைப்பவர்கள் நிறைய. முடக்க உத்தரவு ஆளின் கையைப் பிடிக்கிறது, சார்ஜ் சொத்தையே பிடிக்கிறது. எதிர்த்தரப்பு நல்ல நிலையில் இருக்கும்வரை இந்த வித்தியாசம் வெளியே தெரியாது. அது திவாலாகும் நாளில்தான் தெரியும். அப்போது தெரிந்துகொண்டு பயனில்லை.

முடக்க உத்தரவுக்கு வயது அதிகமில்லை. தீர்ப்பு வரும் முன்னால், கடன்பட்டவர் என்று சொல்லப்படுபவரின் பணத்தை ஈடாகப் பிடித்து வைக்க முடியாது என்று 1890-ல் லிஸ்டர் எதிர் ஸ்டப்ஸ் வழக்கில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அது 85 ஆண்டுகள் அசையாமல் நின்றது. 1975 மே மாதம் ஒரு ஜப்பானியக் கப்பல் நிறுவனம், வாடகை பாக்கி வைத்த கிரேக்க வாடகைதாரர்களின் லண்டன் வங்கிப் பணம் வெளிநாட்டுக்குப் போகாமல் தடுக்கும்படி கேட்டது. டென்னிங் பிரபு தலைமையிலான அமர்வு தடை கொடுத்தது. அடுத்த மாதமே மரேவா என்ற கப்பலின் வழக்கு வந்தது. அந்தக் கப்பலை வாடகைக்கு எடுத்த கம்பெனி, இந்தியாவுக்கு உரம் ஏற்றிப் போக அதை இந்திய அரசுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தது. சரக்குக் கட்டணமாக 1,74,000 பவுண்டை லண்டனில் உள்ள இந்திய ஹைகமிஷன் வங்கியில் கட்டிவிட்டது. பணத்தை வாங்கிக்கொண்ட கம்பெனி, கப்பல் முதலாளிக்கு இரண்டு தவணை கொடுத்துவிட்டு மூன்றாவதைக் கொடுக்கவில்லை. வங்கியில் கிடக்கும் அந்தப் பணம் ஒரே உத்தரவில் நாட்டை விட்டுப் போய்விடும் என்று கப்பல் முதலாளி சொன்னதை நீதிமன்றம் ஏற்றது. அன்றிலிருந்து இந்த வகைத் தடைக்கு மரேவா என்றே பெயர். இங்கிலாந்து 1981-ல் இந்த அதிகாரத்தைச் சட்டத்திலேயே அங்கீகரித்தது. 1999-ல் வந்த புதிய நடைமுறை விதிகள் அதை முடக்கத் தடையாணை என்று பெயர் மாற்றின.

கப்பல் வழக்கில் பிறந்த உத்தரவு கட்டுமான வழக்குக்கு வரும்போது முதலில் இடறும் இடம், சொத்து கரையும் அபாயத்தை நிரூபிப்பது. நல்ல வாதம் உள்ள வழக்கு வேண்டும், எதிர்த்தரப்புக்குச் சொத்து இருக்க வேண்டும், தீர்ப்பு நிறைவேறாதபடி அந்தச் சொத்து கரையும் உண்மையான அபாயம் இருக்க வேண்டும் என்பவை பொதுவான நிபந்தனைகள். கையெழுத்தான பில்லும் அளவுப் புத்தகமும் உள்ள ஒப்பந்ததாரர் முதல் நிபந்தனையைச் சிரமமில்லாமல் தாண்டிவிடுவார். மூன்றாவதில்தான் பல விண்ணப்பங்கள் விழுகின்றன. எதிர்த்தரப்பு பணம் தர இழுத்தடிக்கிறது என்பது ஆதாரம் ஆகாது. நிதி நெருக்கடியில் இருக்கிறது என்பதும் ஆகாது. ஏழையாக இருப்பதும் சொத்தை ஒளிப்பதும் வேறு வேறு. நீடர்சாக்சன் கப்பல் வழக்கில் 1983-ல், அபாயத்துக்கு உறுதியான ஆதாரம் வேண்டும் என்று இங்கிலாந்து நீதிமன்றங்கள் அழுத்திச் சொன்னதிலிருந்து, சும்மா சந்தேகத்தோடு போகிறவர்களுக்குக் கதவு திறப்பதில்லை.

அப்படியென்றால் எது ஆதாரம்? வழக்கறிஞர் நோட்டீஸ் போன வாரத்திலேயே சொத்து உறவினர் பெயருக்கு மாறியிருப்பது, அதே இயக்குநர்கள் ஏறக்குறைய அதே பெயரில் புதுக் கம்பெனி பதிவு செய்து வேலைகளை அங்கே மாற்றுவது, லாபமே இல்லாத ஆண்டில் திடீரென்று பெரிய ஈவுத்தொகை அறிவிப்பது, கணக்கு அறிக்கையில் இருந்த பணம் எங்கே போனது என்று விளக்காமல் இருப்பது போன்றவை. கம்பெனிப் பதிவேட்டையும் நிலப் பதிவேட்டையும் தேதிவாரியாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பல நேரம் கதை தானாகவே தெரிந்துவிடும். ஒரு டெவலப்பர் கட்டி முடித்த வீடுகளை விற்பது அவருடைய தொழில். அதை மட்டும் காட்டி முடக்கம் கேட்டால் கிடைப்பது கடினம். விற்ற பணம் கம்பெனியிலேயே இருக்கிறதா, வெளியே போகிறதா, போனால் யாரிடம் போகிறது என்பதைத்தான் நீதிபதி பார்ப்பார்.

மூன்றாம் ஆளிடம் போய்விட்ட சொத்தைக்கூட இந்த உத்தரவு துரத்த முடியும் என்பதை 1999-ல் அந்நாட்டின் தலைமை நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் கார்டைல் எதிர் எல்இடி பில்டர்ஸ் வழக்கில் காட்டியது. வீடு கட்டும் நிறுவனம் ஒன்று, தன் வீட்டு வரைபடங்களை இன்னொரு நிறுவனம் நகலெடுத்தது என்று வழக்குப் போட்டிருந்தது. வழக்கு நடக்கும்போதே எதிர்த்தரப்பு நிறுவனம் தன் பங்குதாரர்களான தம்பதிக்கு ஈவுத்தொகையாகப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டது. அந்தத் தம்பதி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் அல்ல. ஆனாலும், தீர்ப்புக்குப் பிறகு, கம்பெனியை மூடிச் சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் கலைப்பாளர் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க வழி இருக்கக்கூடும் என்றால் அவர்கள் மேலும் உத்தரவு போடலாம் என்று நீதிமன்றம் கொள்கையளவில் ஏற்றது. கூடவே, இது கனமான உத்தரவு, அளவோடுதான் போட வேண்டும் என்றும் எச்சரித்தது. பணத்தைக் கம்பெனியிலிருந்து எடுத்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கும் முதலாளிகள் படிக்க வேண்டிய தீர்ப்பு இது.

உத்தரவு கேட்பவருக்கும் சுமை உண்டு. முதல் விண்ணப்பம் பெரும்பாலும் எதிர்த்தரப்புக்குத் தெரியாமல்தான் போடப்படுகிறது, தெரிந்தால் பணம் ஓடிவிடும். எதிர்த்தரப்பு அங்கே இல்லாததால், அவர்கள் சொல்லியிருக்கக்கூடிய பதிலையும் விண்ணப்பதாரரே நீதிபதியிடம் சொல்ல வேண்டும். வேலையில் குறை இருந்தது என்று தளப் பொறியாளர் எழுதிய மின்னஞ்சல், தாமதத்துக்காகக் கழித்த தொகை, எதிர்க்கோரிக்கை எல்லாவற்றையும் காட்டத்தான் வேண்டும். மறைத்தது பின்னால் வெளியே வந்தால், வழக்கு நல்ல வழக்காக இருந்தாலும் உத்தரவு ரத்தாகலாம். அதோடு, உத்தரவு தவறாகப் பெறப்பட்டது என்று பின்னர் முடிவானால் எதிர்த்தரப்புக்கு ஏற்பட்ட நஷ்டத்தைத் தருகிறேன் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். ஒரு டெவலப்பரின் கணக்கை முடக்கினால் அவருடைய மற்ற தளங்களும் நின்றுபோகலாம், அந்த நஷ்டம் பாக்கித் தொகையையே மிஞ்சிவிடலாம். ஏற்கெனவே பணமில்லாமல் தவிக்கும் துணை ஒப்பந்ததாரரிடம் அந்த உறுதிமொழிக்கு வங்கி உத்தரவாதம் கேட்கப்படுவதும் உண்டு. நியாயம் கேட்டு வருபவருக்கு இது கொடுமையாகத் தோன்றும். ஆனால் விசாரணையே நடக்காமல் ஒருவரின் பணத்தை நிறுத்தும் உத்தரவுக்கு இந்த அளவு பாதுகாப்பு தேவை என்றே நான் நினைக்கிறேன்.

இவ்வளவு பாடுபட்டு வாங்கிய உத்தரவு என்ன தருகிறது? ஒப்பந்ததாரர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். முடக்கப்பட்ட பணம் உங்களுக்காக ஒதுக்கி வைக்கப்பட்ட பணம் அல்ல. ஏஞ்சல் பெல் என்ற கப்பலின் வழக்கில் சொன்னபடி, எதிர்த்தரப்பு நல்லெண்ணத்தோடு தன் மற்றக் கடன்களை அடைக்க அனுமதி கேட்கலாம், நீதிமன்றமும் கொடுக்கும். அதாவது சிமெண்ட் கடைக்காரருக்கும் மின்வேலைக்காரருக்கும் பணம் போகலாம், உங்களுக்கு மட்டும் போகாமலிருக்கலாம். க்ரெட்டன் ஹார்மனி கப்பல் வழக்கில் 1978-லேயே ஒரு கம்பெனியின் பணம் முடக்கப்பட்டிருந்தது. பிறகு அதன் சொத்துகளை ஈடாகப் பெற்றிருந்தவர் சார்பில், அவற்றைக் கையில் எடுத்துக்கொள்ளும் ரிசீவர் வந்தார். முடக்கம் வாங்கியவர் ஒதுங்க வேண்டியதாயிற்று. 1987-ல் ஆஸ்திரேலியாவில் ஜாக்சன் எதிர் ஸ்டெர்லிங் வழக்கில் கீழ்நீதிமன்றம் ஒரு படி மேலே போய், 30 லட்சம் டாலருக்கு ஈடு கொடு என்றே உத்தரவிட்டது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சொத்து ஓடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை, வழக்குத் தொடுத்தவரை ஈடு உள்ளவராக மாற்றுவது வேலை அல்ல என்றது. இந்தியாவில் இதே இடத்தை நிரப்புவது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 38-வது ஆணை, 5-வது விதி, அதாவது தீர்ப்புக்கு முன்பே சொத்தை ஜப்தி செய்ய வழி தரும் விதி. ஈடில்லாத கடனை ஈடுள்ள கடனாக மாற்றுவது அந்த விதியின் நோக்கம் அல்ல என்று 2008-ல் ராமன் டெக் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. வேறு வேறு நாடுகள், வேறு வேறு சட்டப் பிரிவுகள், ஆனால் கோடு ஒரே இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

வங்கியே கவனக்குறைவாகப் பணத்தை வெளியே விட்டுவிட்டால்? இங்கிலாந்தின் சுங்கத்துறை முடக்க உத்தரவை பார்க்லேஸ் வங்கிக்கு அனுப்பியிருந்தும் பணம் வெளியேறிவிட்டது. கவனக்குறைவுக்கு நஷ்டஈடு கேட்டு சுங்கத்துறை, அப்போது உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. அப்படிக் கேட்க முடியாது என்று 2006-ல் தீர்ப்பு. உத்தரவை வேண்டுமென்றே மீறினால் நீதிமன்ற அவமதிப்பு, அது வேறு விஷயம். ஆனால் அந்தப் பணத்தில் உங்களுக்கு உரிமை எதுவும் இருக்கவில்லை. இதையெல்லாம் சொல்வது, முடக்க உத்தரவு வீண் என்பதற்காக அல்ல. அதோடு சேர்ந்து வரும் சொத்து விவர வாக்குமூலம், அதாவது எங்கே என்ன இருக்கிறது என்று எதிர்த்தரப்பு சத்தியம் செய்து சொல்ல வேண்டிய கட்டாயம், பல வழக்குகளில் உத்தரவை விடவும் பயன்படுகிறது. கணக்கு முடங்கியதும் இரண்டே நாளில் சமரசப் பேச்சுக்கு ஆள் வருவதும் இந்தத் துறையில் சாதாரணம்.

இப்போது சார்ஜுக்கு வருவோம். இன்ன கடனை அடைக்க இன்ன சொத்து பொறுப்பு என்று இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு ஒதுக்கிவிட்டால், சொத்து யார் கையில் இருந்தாலும், பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், சார்ஜ் இருப்பது தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரைத் தவிர, சமநீதி மரபு அந்த ஒதுக்கீட்டை மதிக்கும். இங்கிலாந்து வழக்குகள் இந்த உரிமையைப் பல ஆண்டுகளாகச் செதுக்கியிருக்கின்றன. இந்தியச் சட்டம் சமநீதி உரிமை, சட்ட உரிமை என்று இரண்டாகப் பிரிப்பதில்லை. 1882-ன் சொத்து மாற்றச் சட்டத்தின் 100-வது பிரிவில் சார்ஜ் நேரடியாகவே இருக்கிறது. எங்கே இருந்தாலும் சாரம் ஒன்றுதான். ஒதுக்கீடு வேண்டும். "வீடுகள் விற்றதும் அந்தப் பணத்தில் உங்களுக்குக் கொடுத்துவிடுகிறோம்" என்ற வாக்குறுதி ஒதுக்கீடு ஆகாது. ஒரு குறிப்பிட்ட கணக்கில் பணத்தைப் போடுகிறேன் என்று ஒத்துக்கொண்டால் மட்டும் கடன் கொடுத்தவருக்கு அந்தப் பணத்தின் மேல் சார்ஜ் வந்துவிடாது என்று 1926-லேயே பாமர் எதிர் கேரி என்ற ஆஸ்திரேலிய வழக்கில், அந்நாட்டுக்கும் அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. தளத்தில் நம்பிக்கையின் பேரில் பேசப்படும் பல பேச்சுகள் இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன.

கட்டுமானத் துறையில் சார்ஜ் எப்படி உருவாகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் யாரும் படிக்காத தாளில்தான். ஆஸ்திரேலியாவில் கட்டிடப் பொருள் விற்பவர்கள் கடனுக்குச் சரக்கு தர ஒரு விண்ணப்பப் படிவம் வைத்திருப்பார்கள். முன்பக்கம் கம்பெனி பெயர், முகவரி, வங்கி விவரம். பின்பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகள். அதில் எங்கோ ஒரு வரி: கீழே கையெழுத்திடும் இயக்குநர், தனக்கு இப்போது உள்ள, இனி வரப்போகிற நிலம் எல்லாவற்றையும் இந்தக் கடனுக்குச் சார்ஜ் செய்கிறார். கையெழுத்துப் போட்டவர் கம்பெனிக்காகப் போட்டதாகவே நினைத்திருப்பார். பாக்கி நின்றதும், விற்பனையாளர் அந்த இயக்குநரின் சொந்த வீட்டுக்கு எதிராக நிலப் பதிவேட்டில் கேவியட் என்ற எச்சரிக்கைக் குறிப்பைப் போட்டுவிடுகிறார். அது நீங்கும்வரை வீட்டை விற்பதும் மறுகடன் வாங்குவதும் நின்றுபோகும். தெளிவாக எழுதப்பட்ட இப்படிப்பட்ட வரிகளை நீதிமன்றங்கள் பலமுறை ஏற்றிருக்கின்றன. சார்ஜே இல்லாமல் மிரட்டலுக்காகக் கேவியட் போட்டால் கதை வேறு. நியாயமான காரணமில்லாமல் போட்டவர் நஷ்டஈடு தர வேண்டி வரும். வெறும் பில் பாக்கி கேவியட்டுக்குக் காரணம் ஆகாது என்பது கோபத்தில் இருக்கும் ஒப்பந்ததாரருக்கு ஏற்றுக்கொள்ளக் கஷ்டமான உண்மை.

வீட்டுக்காரர்களைக் காக்க நியூ சவுத் வேல்ஸ் ஒரு வேலி போட்டிருக்கிறது. 1989-ன் வீட்டுக் கட்டுமானச் சட்டத்தின்படி, வீடு கட்டும் ஒப்பந்தத்தில் வேலை நடக்கும் நிலத்தின் மேல் கட்டுநருக்கு உரிமை தரும் வரி செல்லாது. ஒப்பந்தப்படி வர வேண்டிய பணத்தைத் தரச் சொல்லி நீதிமன்றமோ தீர்ப்பாயமோ உத்தரவிட்ட பிறகுதான், ஒப்பந்தத்தில் உள்ள சார்ஜுக்கு உயிர் வரும்.

சார்ஜ் இருப்பது தெரியாமலேயே ஒருவர் அதை வைத்திருக்க முடியும், பதிவு செய்யாததால் இழக்கவும் முடியும். காஸ்லெட் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். வேல்ஸில் கார்வ் பள்ளத்தாக்கில் பழைய நிலக்கரிக் கழிவு குவிந்த நிலத்தைச் சீரமைக்கும் வேலையை 1991-ல் ஒரு கவுன்சில் காஸ்லெட் என்ற ஒப்பந்ததாரருக்குக் கொடுத்தது. கழிவிலிருந்து நிலக்கரியைப் பிரிக்கப் பெரிய கழுவு இயந்திரங்கள் இரண்டு தேவைப்பட்டன. அவற்றை வாங்கக் கவுன்சிலே முன்பணம் கொடுத்தது. 1993-ல் ஒப்பந்ததாரர் பணமில்லாமல் தளத்தை விட்டுப் போனார், கம்பெனி, நொடித்த கம்பெனிகளைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்படும் நிர்வாகியின் கைக்கு வந்தது. இயந்திரங்கள் தளத்திலேயே நின்றன. ஒப்பந்தத்தில் இருந்தவை பொறியியல் துறையின் வழக்கமான நிபந்தனைகள்தாம்: ஒப்பந்ததாரர் வேலையை விட்டுப் போனால், வேலை தந்தவர் தளத்தில் உள்ள இயந்திரங்களைப் பயன்படுத்தி வேலையை முடிக்கலாம், அவற்றை விற்று, வர வேண்டிய தொகையைக் கழித்துக்கொள்ளலாம். இரண்டாயிரம் ஒப்பந்தங்களில் இருந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்காத வரிகள்.

நிர்வாகி இயந்திரங்களைத் திருப்பிக் கேட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மில்லெட் நீதிபதி அந்த வரிகளை இரண்டாகப் பிரித்தார். வைத்துக்கொண்டு வேலையை முடிக்கும் உரிமை வெறும் ஒப்பந்த உரிமை, அது ஈடு அல்ல. ஆகவே வேலை முடியும்வரை கவுன்சில் வைத்துக்கொள்ளலாம். விற்றுக் கடனைக் கழித்துக்கொள்ளும் உரிமை மட்டும் ஈக்விட்டபிள் சார்ஜ். எந்த நேரத்தில் எந்த இயந்திரம் தளத்தில் இருக்கும் என்பது மாறிக்கொண்டே இருப்பதால் அது மிதக்கும் சார்ஜ். கம்பெனி கொடுக்கும் மிதக்கும் சார்ஜை 21 நாளுக்குள் கம்பெனிப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். யாரும் பதியவில்லை, சார்ஜ் என்றே யாருக்கும் தோன்றவில்லை. எனவே நிர்வாகிக்கு எதிராக அது செல்லாது. அப்புறமும் கவுன்சில் நிற்கவில்லை. மிச்ச வேலையை முடித்த புதிய ஒப்பந்ததாரருக்கு இயந்திரங்களைக் கொடுத்துவிட்டது. 2001-ல் பிரபுக்கள் சபை, அது அடுத்தவர் சொத்தை முறையின்றிக் கையாண்ட, நஷ்டஈடு தர வேண்டிய தவறு என்று தீர்ப்புச் சொன்னது. முன்பணமும் கொடுத்து, பாதியில் விடப்பட்ட வேலையையும் முடித்த தரப்பே கடைசியில் நஷ்டஈடு கொடுக்கும் நிலைக்கு வந்தது. எட்டாண்டு இழுத்த இந்த வழக்கைத் தடுத்திருக்கக்கூடியது ஒரு பதிவுப் படிவம்.

பிடித்த பணத்தின் கதையும் இதே பாதையில் போகிறது. ஒவ்வொரு பில்லிலும் 3 சதவீதமோ 5 சதவீதமோ பிடித்து, குறைகள் சரியான பிறகு தருவது வழக்கம். அந்தப் பணத்தை வேலை தந்தவர் நம்பிக்கைப் பொறுப்பில், அதாவது தன் பணமாக அல்லாமல் ஒப்பந்ததாரருக்காக, வைத்திருக்கிறார் என்று இங்கிலாந்தின் பல நிலையான ஒப்பந்தங்கள் எழுதுகின்றன. 1979-ல் ராயக் எதிர் லாம்பீட்டர் மீட் வழக்கில் பிடித்தம் 50 சதவீதம், அதுவும் ஐந்தாண்டுக்கு. பணத்தைத் தனிக் கணக்கில் எடுத்து வை என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒப்பந்ததாரர் நேரத்தில் கேட்டதால் கிடைத்தது. மாக்-ஜோர்டன் வழக்கில் 1,09,247 பவுண்ட் பிடித்திருந்தார்கள், தனியே எடுத்து வைக்கவில்லை, ஒப்பந்ததாரரும் கேட்கவில்லை. வங்கியின் ரிசீவர் வந்த பிறகு கேட்டபோது, தனியாக அடையாளம் காட்ட ஒரு நிதியே இல்லை, ஆகவே உரிமையும் இல்லை என்றாகிவிட்டது. பணம் வங்கிக்குப் போனது. நம்பிக்கைப் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது, அதைச் செயல்படுத்தும்படி கேட்கும் உரிமையைத் தருகிறது. கேட்காத உரிமை திவால் நாளில் உதவாது. 2018 ஜனவரியில் இங்கிலாந்தின் பெரிய கட்டுமான நிறுவனமான கரில்லியன் விழுந்தபோது கடன்கள் ஏறக்குறைய 700 கோடி பவுண்ட், கையில் ரொக்கம் 2.9 கோடி பவுண்ட். அதில் மாட்டியவர்களில் எத்தனையோ சிறு துணை ஒப்பந்ததாரர்கள் உண்டு. நியூசிலாந்து 2013-ல் மெயின்சீல் என்ற கட்டுமான நிறுவனம் விழுந்த பிறகு பாடம் கற்றது. பிடித்த பணம் நம்பிக்கைச் சொத்து என்ற சட்டத்தை 2017-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்து, அதைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று 2023-ல் இறுக்கியது. என் கண்ணுக்கு, இந்தத் துறையில் நடந்த நல்ல சீர்திருத்தங்களில் இது முன்வரிசை. கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைத்த பாதுகாப்பை எல்லோருக்கும் ஆக்கியது.

அமெரிக்காவில் இந்தப் படம் தலைகீழ். மேரிலாந்து 1791-லேயே, வாஷிங்டன் நகரம் எழும் நேரத்தில், கட்டியவருக்குக் கட்டிடத்தின் மேலேயே பற்றுரிமை, அதாவது பாக்கிக்குக் கட்டிடமே பொறுப்பாகும் உரிமை, கொடுத்தது. இன்று எல்லா மாநிலங்களிலும் அப்படிப்பட்ட சட்டம் உண்டு. ஆனால் 1999-ல் க்ருப்போ மெக்சிகானோ வழக்கில், தீர்ப்புக்கு முன் முடக்க உத்தரவு போட கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் சொன்னது. அதுவும் கட்டுமானத்தோடு ஒட்டியதுதான். மெக்சிகோவில் சுங்கச் சாலை கட்டிய நிறுவனத்தின் 25 கோடி டாலர் கடன் பத்திரங்கள். அங்கே கட்டியவருக்குச் சொத்தின் மேல் பிடி உண்டு, ஆளின் கையைப் பிடிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழியில்லை. இங்கிலாந்தில் ஆளின் கையைப் பிடிக்கலாம், கட்டிடத்தின் மேல் பிடி கிடையாது. நடுவில் நிற்பது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து. துணை ஒப்பந்ததாரர், மேலிருந்து தன் ஒப்பந்ததாரருக்கு வர வேண்டிய பணத்தின் மேலேயே அறிவிப்புக் கொடுத்துச் சார்ஜ் போடலாம். அந்த ஏற்பாடு 1974-ல் தொடங்கியது, 2017-ன் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. நிலத்தைத் தொடாமல் வந்துகொண்டிருக்கும் பணத்தையே பிடிக்கும் இந்த வழி மற்ற இடங்களுக்கும் பொருந்தும் என்றுதான் தோன்றுகிறது.

விரைவுத் தீர்ப்பு முறை வந்த பிறகு முடக்க உத்தரவின் அளவுகோல் எதிர்ப்பக்கமும் பயன்பட ஆரம்பித்திருக்கிறது. இங்கிலாந்தின் 1996 சட்டப்படி கட்டுமானத் தகராறை ஒரு நடுவர் 28 நாளில் முடிக்க வேண்டும், முதலில் பணத்தைக் கொடு, பிறகு வாதாடு என்பதே முறை. அப்படிக் கொடுத்த பணம், பிறகு வழக்கில் ஜெயித்தாலும் திரும்பி வராவிட்டால்? வாங்குபவர் திவால் நிலையில் இருந்தால் எப்போது நிறுத்தி வைக்கலாம் என்ற கொள்கைகளை 2005-ல் விம்பிள்டன் எதிர் வாகோ வழக்கில் கோல்சன் நீதிபதி வகுத்தார். 2018-ல் காஸ்வெனர் எதிர் அய்குன் வழக்கு மேல்முறையீட்டுக்கு வந்தபோதும் தீர்ப்பு எழுதியவர் அவரே. சுமார் 5,54,000 பவுண்ட் தர வேண்டும், ஆனால் வாங்கும் தரப்பு அதைக் கரைத்துவிடும் உண்மையான அபாயம் இருப்பதாக விசாரித்த நீதிபதி கண்டார். முடக்க உத்தரவுக்கு வேண்டிய அளவு வலுவான ஆதாரம் இருந்தால் பணம் கொடுப்பதையே நிறுத்தி வைக்கலாம் என்பது உறுதியானது. இது அபூர்வமாகவே கிடைக்கும், கிடைக்க வேண்டும். இல்லையென்றால் பணம் தர மனமில்லாத ஒவ்வொருவரும் இதையே சொல்ல ஆரம்பித்து, விரைவுத் தீர்ப்பின் பயனே போய்விடும்.

முடக்கமும் சார்ஜும் ஒரு இடத்தில் சந்திக்கின்றன, அது தீர்ப்புக்குப் பிறகு. இங்கிலாந்தின் 1979 சட்டப்படி தீர்ப்புத் தொகைக்காக நீதிமன்றம் கடன்பட்டவரின் நிலத்தின் மேல் சார்ஜ் உத்தரவு போடலாம். கடன்பட்டவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஈக்விட்டபிள் சார்ஜுக்கு உள்ள பலன் அதற்கு உண்டு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. முடக்க உத்தரவு அதுவரை சொத்தை இருக்கும் இடத்திலேயே இருக்க வைத்தது, அங்கிருந்து சார்ஜ் எடுத்துக்கொள்கிறது. ஆனால் சார்ஜ் உத்தரவு முதலில் இடைக்காலமாக வரும், பிறகு விசாரணை நடந்து இறுதியாகும். ராபர்ட்ஸ் பெட்ரோலியம் வழக்கில் எரிபொருள் விற்றவர் இடைக்கால உத்தரவு வாங்கிவிட்டார். இறுதி விசாரணைக்குச் சற்று முன் எதிர்த்தரப்புக் கம்பெனி தன்னைக் கலைத்துக்கொள்ளத் தீர்மானம் போட்டது. 1983-ல் பிரபுக்கள் சபை, கலைப்பு தொடங்கிவிட்டால் எல்லோருக்கும் பங்கு பிரிக்கும் முறையே மேல் என்று சொல்லி, இறுதி உத்தரவை ரத்து செய்தது. ஆகவே தீர்ப்பு கையில் வந்த அன்றே இடைக்கால சார்ஜுக்கு மனுப் போட்டு, நிலப் பதிவேட்டில் குறித்து, இறுதி விசாரணைக்கு முதல் கிடைக்கும் தேதியையே கேட்டு வாங்குவது நல்லது. முடக்க உத்தரவையும் அதுவரை நீட்டித்து வைக்க வேண்டும். தீர்ப்பு வந்த அன்றே அது தானாகக் காலாவதியாகும்படி எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.